முட்டையின் நிறமும் வியாபாரியின் நாணயமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நான் முட்டை கொடுக்கும் பேக்கரி முதலாளி ஒருவர் காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டார். "நானா, பழைய முட்டையா அனுப்பினீங்க? உடைச்சா கரு வெளிறிப்போய்க் கிடக்குது. கேக்குக்கு நிறமே வருதில்ல" என்றார். முட்டை பழையதல்ல. முதல் நாள்தான் குளியாப்பிட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து லொறியில் வந்தது.

பண்ணைக்காரரிடம் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. 2021இல் வந்த இரசாயன உரத் தடையால் நம் நாட்டுச் சோள விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் டொலர் தட்டுப்பாட்டினால் இறக்குமதியும் சிரமமானது. அவர் தீனில் சோளத்தைக் குறைத்துக் குறுணல் அரிசியைக் கூட்டியிருந்தார்.

மஞ்சள் கருவின் நிறத்தைக் கோழி தானாக உண்டாக்குவதில்லை. மஞ்சள் சோளம், பச்சை இலை போன்றவற்றில் உள்ள லூட்டீன், ஸியாஸந்தின் என்னும் நிறப்பொருட்கள்தான் கருவில் படிகின்றன. அரிசியில் அவை இல்லாததுபோலத்தான். ஆகவே கரு வெளிறியது. முட்டையின் புரதத்துக்கு அதனால் குறைவில்லை. ஆனால் வாங்குகிறவர் கண்ணால்தானே வாங்குகிறார்?

அந்தச் சமயத்தில்தான் மூலிகைத் தூள் விற்பவர்கள் பண்ணைகளுக்கு வரத் தொடங்கினார்கள். மாலை கட்டும் மெரிகோல்ட் பூவின் சாறு, சிவப்பு மிளகாய் இனமான பப்ரிக்கா, உள்ளி, கருஞ்சீரகம், முருங்கை இலை, ஒரிகானோ எண்ணெய் என்று பலதும் பொதிகளில் வந்தன. இவை வெறும் ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. 2006 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காகத் தீனில் அன்டிபயோட்டிக் கலப்பதை முற்றாகத் தடுத்தது. அதன் பின் இத்தகைய தாவரப் பொருட்களுக்கு உலகெங்கும் கிராக்கி கூடியது. மெரிகோல்ட் கருவை மஞ்சளாக்கும், பப்ரிக்கா செம்மஞ்சளாக்கும். இவை நிச்சயமானவை. உள்ளியும் கருஞ்சீரகமும் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும், ஓட்டைத் தடிப்பாக்கும் என்ற பேச்சு வேறு. சில பரிசோதனைகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

நமது பண்ணைக்காரர் ஓடு உடைவதற்கும் ஒரு தூள் வாங்கினார். இரண்டு மாதம் போட்டும் உடைவு நிற்கவில்லை. பிறகுதான் சுண்ணாம்பைப் பார்த்தார்.

முட்டை ஓட்டில் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கிறது. அதில் அதிக நேரம் இரவில், கோழி தீன் தின்னாத வேளையில் கழிகிறது. மாவு போன்ற சுண்ணாம்புத் தூள் வயிற்றில் சீக்கிரம் கரைந்து போய்விடும். பருமனான சுண்ணாம்புக் கல்லோ சிப்பித் துண்டோ மெதுவாகக் கரைந்து இரவு முழுக்கக் கல்சியம் கொடுக்கும். அவர் மாலைத் தீனில் சிப்பி கலந்தார். நண்பகல் வெயிலுக்குக் குளிர்ந்த தண்ணீர் வைத்தார். உடைவு குறைந்தது. கோழிக்கு வயது போகப் போக முட்டை பெருத்து ஓடு மெலிவதும் இயல்பு. அதற்கு மருந்து தேடிப் பயனில்லை.

தூள் வாங்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 1000 கோழிகள் நாளொன்றுக்கு 110 கிலோ தீன் தின்னும் என்போம். தொன்னுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கும் தூள் கிலோ 2500 ரூபா என்றால் நாட்செலவு 275 ரூபா. அன்றாடம் 850 முட்டையில் உடைவு 5 வீதத்திலிருந்து 3 வீதமானால் மிஞ்சுவது 17 முட்டை. உடைந்த முட்டை 15 ரூபா குறைவாகப் போகிறது என்றால் இலாபம் 255 ரூபா. தூள் வேலை செய்தும் கைநட்டம் 20 ரூபா!

ஆகவே, ஒரே வயதுக் கோழிகளில் நூறு நூறாக இரண்டு பகுதி பிரியுங்கள். ஒன்றுக்கு மட்டும் தூள் கொடுங்கள். ஆறு வாரம் தீனை நிறுத்து, முட்டையையும் உடைவையும் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். விற்பனையாளரின் வாயை விட உங்கள் கொப்பி பெறுமதியானது. கடைக்காரர்களுக்கும் ஒரு சொல்: வெயில் படும் இடத்தில் ஒரு வாரம் அடுக்கிவைத்த முட்டையின் வெள்ளைக்கரு தண்ணீராகத்தான் போகும். எந்த மூலிகையும் அதைக் காப்பாற்றாது.

இனி, சொல்ல வெட்கமான ஒரு விஷயம். மெரிகோல்ட் போட்டதும் கரு நல்ல நிறமாக வந்தது. ஒரு கடைக்காரர் அந்த மண்ணிற முட்டைகளை 'ஊர்க்கோழி முட்டை' என்று தனியாக அடுக்கி விலை கூட்டி விற்றார். எனக்கு அது தெரியும். ஓட்டின் நிறம் கோழி இனத்தால் வருவது, கருவின் நிறம் தீனால் வருவது என்பதும் தெரியும். இரண்டு வாரம் வாய்மூடி இருந்தேன். ஒரு நாள் என் கண் முன்னாலேயே ஒரு தாய், சுகமில்லாத பிள்ளைக்கென்று அந்த விலை கொடுத்து நாலு முட்டை வாங்கினார். அன்றைக்கே கடைக்காரரிடம் பெயரை மாற்றச் சொன்னேன். அவர் மறுத்தார். அவருக்கு முட்டை கொடுப்பதை நிறுத்தினேன். வாரத்துக்கு ஆறு கேஸ் வியாபாரம் போயிற்று.

பேக்கரி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "பூச்சாறு போட்ட தீன், பண்ணைக் கோழி" என்று உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் இன்றும் கொடுக்கிறேன். அவர் இன்னமும் என்னிடம்தான் வாங்குகிறார். நிறத்தை விற்பதில் தவறில்லை. நிறத்துக்குப் பொய்ப்பெயர் வைத்து விற்பதே தவறு.