தீப்பெட்டியின் ஓரத்தில் என்ன இருக்கிறது, தெரியுமா?

தீக்குச்சியை உரசுகிறோமே, அந்தப் பழுப்புப் பட்டை! சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் தயாராகும் பெட்டிகளின் ஓரத்தில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ். இதே பாஸ்பரஸுக்கு வெள்ளையாக இன்னொரு வடிவம் உண்டு. காற்றுப் பட்டாலே அது பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் மூழ்கடித்துத்தான் வைத்திருப்பார்கள்! கொடிய நஞ்சும்கூட. சிவப்போ சட்டைப்பையில் சாதுவாகக் கிடக்கிறது.

இரண்டிலும் இருப்பது ஒரே அணுதான். வெள்ளையில் நான்கு நான்காக நெருக்கியடித்து இறுகி நிற்கும். சிவப்பில் நீளமாகக் கைகோத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேறுபாடு! காற்றுப் படாமல் சூடாக்கினால் வெள்ளை சிவப்பாகும். நாம் குச்சியை உரசும் நொடியிலோ, சிவப்பில் ஒரு துளி வெள்ளையாகி நெருப்பை மூட்டுகிறது!

1669-ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், தங்கம் கிடைக்கும் என்று சிறுநீரைக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் வெள்ளை பாஸ்பரஸ் வந்தது! பிறகு அதை வைத்தே தீக்குச்சி செய்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடையெலும்பு அழுகியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சிவப்பு வடிவம் 1840-களிலேயே கைக்கு வந்திருந்தும், மலிவு என்பதற்காக வெள்ளையை விடவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 1906-ல்தான் பெர்ன் நகரில் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒரே தனிமம் பல வடிவம் எடுப்பது பாஸ்பரஸுக்கு மட்டுமல்ல. வைரமும் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் ஒரே கார்பன் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் நாம் வாழும் காற்றழுத்தத்தில் நிலையானது கிராஃபைட்தான், வைரம் அல்ல! முறைப்படி பார்த்தால் மூக்குத்தியில் இருக்கும் வைரம் கிராஃபைட்டாக மாற வேண்டும். அந்த மாற்றம் கணக்கில் அடங்காத அளவு மெதுவாக நடப்பதால் தப்பித்திருக்கிறது. 2004-ல் மான்செஸ்டரில் கைம், நோவோசெலோவ் என்ற இயற்பியலாளர்கள் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து, ஒரே அணு தடிமன் கொண்ட கிராஃபீனைப் பிரித்தார்கள். 2010-ல் நோபல் பரிசு!

வெள்ளீயமும் வடிவம் மாறும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் சாம்பல்நிறப் பொடியாக உதிரக்கூடும்! ஐரோப்பியத் தேவாலயங்களின் ஆர்கன் குழாய்கள் இப்படிப் பாழாகியிருக்கின்றன.

புளூட்டோனியத்துக்கோ சாதாரண அழுத்தத்திலேயே ஆறு வடிவங்கள்! சூடாக்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அவற்றில் டெல்டா என்ற வடிவம், உலோகமாக இருந்தும், சூடேறச் சூடேறச் சுருங்குகிறது!