வயதைக் கணக்குப் பார்க்கும் ஊருக்கு, வயது தெரியாத பிளக்கோடு போகலாமா?

திருக்கடையூர் சந்நிதித் தெருவில் ஒரு முகூர்த்த நாள் காலையில் நின்று பாருங்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டத்துப் பதிவெண்கள் வரிசையாகக் கண்ணில் படும். கர்நாடகா, கேரளா, புதுச்சேரி வண்டிகளும் இருக்கும். கழுத்தில் மாலையோடு அப்பா, அம்மா. பின்னால் பிள்ளைகள், பேரன் பேத்திகள். 59 முடிந்து 60 பிறக்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ஐக் கடந்து ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த காலசம்ஹாரமூர்த்தியின் தலம் இது. அதனால் வருடம், மாதம், நட்சத்திரம் என்று ஆயுளைக் கணக்குப் பார்த்துத்தான் இங்கே வருகிறார்கள்.

அவர்களைச் சுமந்து வந்த காரின் பானெட்டுக்கு அடியிலும், ஆயுள் கணக்கு உள்ள ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அதுதான் ஸ்பார்க் பிளக். இன்ஜின் ஆயில் எப்போது மாற்றினோம், டயர் எப்போது போட்டோம் என்பது பலருக்கு நினைவிருக்கும். பிளக் எப்போது மாற்றினோம் என்று கேட்டால், கொஞ்சம் யோசிப்பார்கள். சிலர், "அதை மாத்தணுமா என்ன?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

மாற்ற வேண்டும். எப்போது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு நிமிடத்துக்கு ஆயிரம் பொறி

பெட்ரோல் இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்பட்டு நிற்கும். அதைப் பற்றவைக்கிற தீப்பொறியைக் கொடுப்பது பிளக்கின் வேலை. அதன் நுனியில் இரண்டு மின்முனைகள். நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய 20,000 வோல்ட், சில நேரம் அதற்கு மேலும் தேவைப்படும். இதன் அடிப்படை புதிதல்ல. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனால்ட் என்ற பொறியாளர், 1902-லேயே உயர் அழுத்த மேக்னெட்டோவுடன் வேலை செய்யும் ஸ்பார்க் பிளக்கை உருவாக்கிவிட்டார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு முறை சுற்றினால், ஒரு பிளக் ஒரு முறை பொறி விடும். கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,000 பொறி. அந்த வேகத்தில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருக்கடையூர் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். ஒரு வழிக்கு மட்டும் ஒவ்வொரு பிளக்கும் சுமார் 2,70,000 முறை பொறி விட்டிருக்கும். 40,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இது 4 கோடி!

ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்கிறது. முனை தேயத் தேய இடைவெளி கூடுகிறது. இடைவெளி கூடினால், பொறி தாண்ட அதிக வோல்ட் தேவை. அந்தச் சுமை இக்னிஷன் காயில் மேல் விழுகிறது. பிளக்குக்கு ஆயுள் குறிப்பதற்கு இதுதான் காரணம்.

நிக்கலா, இரிடியமா?

எல்லா பிளக்கும் ஒன்றல்ல. நிக்கல் கலவை முனை கொண்ட சாதாரண பிளக்குகளை, பொதுவாக 30,000 முதல் 50,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். பிளாட்டினம், இரிடியம் முனை கொண்டவை நீடித்து உழைக்கும். பல கார்களில் இவை 1,00,000 கிலோமீட்டர் வரை தாங்கும். காரணம் உலோகத்தின் குணம். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினம் 1,768 டிகிரியில். இரிடியம் 2,446 டிகிரியில். உறுதியான உலோகம் என்பதால் முனையை ஊசிபோல மெல்லியதாகச் செய்யலாம். தேய்மானமும் மெதுவாக நடக்கும்.

இவையெல்லாம் பொதுவான அளவுகள்தான். உங்கள் காருக்கான சரியான எண், கிளவ் பாக்ஸில் இருக்கும் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. டர்போ இன்ஜின் என்றாலோ, சிஎன்ஜியில் ஓடுகிற வண்டி என்றாலோ கெடு சீக்கிரமே வரலாம். மேனுவல் தொலைந்துவிட்டதா? பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் மாடலையும் ஆண்டையும் கொடுத்து டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

டீசல் வண்டிக்காரர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே ஸ்கிப் செய்யலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருப்பது குளோ பிளக்; அதன் வேலை வேறு. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள். அதிலும் பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது, பிளக்கும் இருக்கிறது.

ஓடாத காருக்கும் வயதாகும்

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். மயிலாடுதுறை, சீர்காழி, கும்பகோணம் பக்கத்து ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். பிள்ளை சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஊரில் அப்பா, அம்மா. அவசரத்துக்கு ஆகுமே என்று வாங்கிக் கொடுத்த கார் போர்ட்டிகோவில் நிற்கும். வாரத்துக்கு ஒரு தடவை கோயில், மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி, எப்போதாவது கடைத்தெரு. ஏழு வருடத்தில் 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். "வண்டி ஓடவே இல்லையே, பிளக் புதுசாத்தான் இருக்கும்" என்று நினைப்போம்.

பெரும்பாலான சர்வீஸ் அட்டவணைகளில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதமும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450, 500 டிகிரியைத் தொட்டால்தான், தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். இரண்டு கிலோமீட்டர் போய் ஆஃப் செய்தால் இன்ஜின் சரியாகச் சூடாகவே செய்யாது. கரி தங்கிவிடும். அது மின்சாரத்தைக் கசியவிட, பொறி பலவீனமாகும். பல வருடம் கழற்றாமலே இருக்கும் பிளக், மரையோடு இறுகிப்போவதும் உண்டு. அதைக் கழற்றும்போது அலுமினிய ஹெட்டின் மரையே போய்விட்டால், பிளக் செலவு இன்ஜின் வேலையாக மாறிவிடும்.

மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்று தனி அட்டவணையே இருக்கும். அடிக்கடி குறுகிய தூரம் ஓடுவது, தூசி நிறைந்த சாலை, நின்று நின்று நகரும் போக்குவரத்து எல்லாம் அதில் வரும். அறுவடை நாளில் சாலையிலேயே நெல் காய்கிற, வைக்கோல் தூசி பறக்கிற டெல்டாவில், அந்த அட்டவணை பல வண்டிகளுக்குப் பொருந்தும். 'குறைவாக ஓட்டுகிறோம்' என்பது வேறு, 'லேசாக ஓட்டுகிறோம்' என்பது வேறு.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் தெரியாது. அதுதான் சிக்கலே. அந்தக் கால டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் நினைவிருக்கிறதா? பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரிவதால், பிளக்கில் கரி பிடித்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். டிக்கியில் பிளக் ஸ்பேனரும் ஒரு ஸ்பேர் பிளக்கும் இருக்கும். உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டினால் கிளம்பிவிடும். அந்தத் தலைமுறைக்கு பிளக் பழகிய பொருள். இன்றைய காரில் அது பிளாஸ்டிக் மூடிக்கும் காயிலுக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. தேய்ந்தாலும் சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டே ஓடும்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

* காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும்.
* ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கும்.
* ரயில்வே மேம்பாலம் ஏறும்போதும், லாரியை முந்தும்போதும் பிக்கப் இருக்காது, 'ஜெர்க்' அடிக்கும்.
* மைலேஜ் குறையும்.

மெக்கானிக் மொழியில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். அதாவது, ஒரு சிலிண்டரில் பொறி தவறுகிறது. அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. மிச்ச பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு சூட்டில் உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய பாகம் அது. சாதாரண பிளக் ஒன்று சில நூறு ரூபாய்தான். இரிடியம் பிளக் அதைவிடக் கூடுதல். கன்வெர்ட்டர் போனால் செலவு பல பத்தாயிரங்களில் வரும்.

டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், சீக்கிரம் வண்டியைக் காட்ட வேண்டும். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால், கடுமையான மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். 'இன்னும் 40 கிலோமீட்டர்தானே, போய்ச் சேர்ந்துடலாம்' என்று அழுத்தினால், அந்த 40 கிலோமீட்டரில்தான் கன்வெர்ட்டர் போகும். 80 வயதுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன் ஹைவேயில் வண்டி நின்றால் என்ன பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறித்த முகூர்த்தமும் நமக்காகக் காத்திருக்காது.

கழற்றிய பிளக் சொல்லும் சேதி

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினால், அதை வாங்கிப் பாருங்கள். எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசை மாறாமல் வைக்கச் சொல்லுங்கள்.

* வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: இன்ஜின் நன்றாக இருக்கிறது.
* காய்ந்த கறுப்புக் கரி: குறுகிய தூர ஓட்டம், அல்லது பெட்ரோல் அளவு அதிகம்.
* ஈரமான, எண்ணெய்ப் பிசுக்கு: ஆயில் உள்ளே கசிகிறது. புது பிளக் போட்டாலும் பிரச்னை திரும்ப வரும்.
* வெள்ளையாக, கொப்புளம் போல: அதிகச் சூடு. காரணத்தைத் தேட வேண்டும்.

மாற்றும்போது இதைக் கவனியுங்கள்

* இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியைக் காற்றடித்து நீக்க வேண்டும். இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும்.
* மேனுவலில் உள்ள அதே பார்ட் நம்பர். 'இதுவும் செட் ஆகும்' என்று வேறு பிளக் வேண்டாம். மரை பொருந்தினாலும் வெப்பத் திறன் மாறலாம்.
* ஒன்று மட்டும் போயிருந்தாலும், கெடு நெருங்கிவிட்டால் மூன்றோ நான்கோ மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள்.
* இரிடியம், பிளாட்டினம் பிளக்கை உப்புத்தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்கக் கூடாது. மெல்லிய முனை கெட்டுவிடும்.
* முதலில் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.
* போலி பிளக்குகள் சந்தையில் உண்டு. பில்லோடு, நம்பகமான கடையில் வாங்குங்கள்.

இன்றே செய்ய ஒரு வேலை

சர்வீஸ் புக்கைத் திறந்து, கடைசியாக பிளக் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் தேடுங்கள். கிடைத்தால், மேனுவல் சொல்லும் கிலோமீட்டரையும் மாதத்தையும் கூட்டி, அடுத்த கெடுவை மொபைலில் ரிமைண்டராக வையுங்கள். கிடைக்காவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். நெடுந்தூரப் பயணம் இருந்தால், இந்த வேலையைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு, உள்ளூரில் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்.

ஊரில் அப்பா, அம்மாவிடம் கார் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது "வண்டி நல்லா ஓடுதாப்பா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பிளக் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுப்பா?" என்றும் கேளுங்கள்.