ஒரு விலா எலும்பின் கணக்கு

24.5 கோடி டாலர், 7 ஆண்டு. 2019 டிசம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி, பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கோடு போட்ட ஒப்பந்தம் இது. அந்த ஆண்டில் மட்டும் அவர் 245 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருந்தார்; உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. ஒப்பந்தத்துக்குப் பிறகு வீசியது 8 ஆட்டம், 31 இன்னிங்ஸ், மேலே ஒரு அவுட். இன்னிங்ஸுக்கு 3 அவுட் என்றால் மொத்தம் 94. வகுத்துப் பார்த்தால் ஓர் அவுட்டின் விலை சுமார் 26 லட்சம் டாலர்.

2020-இல் அவருக்கு மணிக்கட்டில் நரம்பு நெரிந்தது. 2021 ஜூலையில் காறை எலும்பின் அடியில் அறுவை: ஒரு விலா எலும்பும் இரண்டு கழுத்துத் தசைகளும் அகற்றப்பட்டன.

காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே உள்ளது குறுகிய இடுக்கு. கழுத்திலிருந்து வரும் 5 நரம்பு வேர்களின் பின்னல், ஒரு தமனி, ஒரு சிரை மூன்றும் அதைக் கடந்துதான் கைக்குப் போகின்றன. கையை உயர்த்தினால் இடம் இன்னும் குறையும். அங்கே இந்த மூன்றில் ஏதேனும் நெரிவதே ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அறுவை தேவைப்பட்ட நோய். அந்த நோயாளிகள் 100 பேரில் 90-க்கு மேல் நரம்பு நெரிந்தவர்கள், 3 முதல் 5 பேர் சிரை, தமனி ஏறக்குறைய 1.

அந்த ஒன்றை அற்பமாக எண்ணக் கூடாது. ஹியூஸ்டன் வீச்சாளர் ஜே. ஆர். ரிச்சர்ட் 1979-இல் 313 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கியவர். மறு ஆண்டு கை செத்துக்கிடக்கிறது என்றார். சோம்பல் என்று பேசியவர்கள் உண்டு. 1980 ஜூலை 30-இல், பயிற்சியின்போது, பக்கவாதத்தில் விழுந்தார். தமனி நெரிந்து உண்டான இரத்தக்கட்டி. வயது 30. பெரிய லீக்கில் அவர் மறுபடி வீசவே இல்லை. நோயாளி சொல்வதை நம்பாததற்கு இவ்வளவு பெரிய விலை என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

நரம்பு வகைக்கு முதலில் சில வாரங்களாவது பிசியோதெரபி, தேறாவிட்டால்தான் கத்தி. சிரையில் கட்டி அடைத்துக் கை வீங்கினால் பொறுக்கக் கூடாது: முதல் 2 வாரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்து நன்றாக வேலை செய்யும். பிறகு விலாவை எடுப்பார்கள்.

அறுவையோடு ஆட்டம் முடிந்துவிடுவதும் இல்லை. அரிசோனாவின் மெரில் கெல்லிக்கு 2020-இல் தோளில் இரத்தக்கட்டி, இதே நோய்க்கு அறுவை. 2022-இல் 33 ஆட்டங்களில் 200 இன்னிங்ஸ் வீசினார். 2023 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் 7 இன்னிங்ஸ், விட்டுக்கொடுத்தது 1 ரன்.