புதுக் கணினியின் முதற் பயனர்

புதுமனை கட்டி முடிந்ததும் வீட்டுக்குரியவர் முதலிற் செய்வது யாது? மேசனிடமும் தச்சனிடமும் இருந்த திறப்புக்களை வாங்கித் தம் கையில் வைத்துக்கொள்வதே. சுவர் எத்துணை வலிதாயினும், திறப்பு எவரெவர் கையில் உளது என்பது தெரியாத வீட்டிலே நிம்மதியான உறக்கம் இல்லை. இது கணினிக்கும் பொருந்தும். பலர்க்கு ஒருங்கே பணிசெய்யும் சேவையகக் கணினிக்கு மிகவும் பொருந்தும்.

சேவையகத்தில் இயங்குதளத்தை நிறுவும்போது, நிறுவற் செய்நிரல் சில வினாக்களைக் கேட்கும். மொழி யாது, வட்டை எவ்வாறு பிரிப்பது, முதற் பயனரின் பெயர் யாது, அவருடைய கடவுச்சொல் யாது என்பன அவற்றுட் சில. ஒரு கணினியாயின் ஒருவர் முன்னிருந்து விடையளிக்கலாம். நூறு கணினிகளாயின் அஃது இயலாது. ஆதலின் விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவைப்பர். இதனை டெபியன் இயங்குதளத்தார் ‘பிறிசீட்’ என்பர். ரெட் ஹற் நிறுவனத்தார் ‘கிக்ஸ்ராட்’ என்பர். உபுண்டு சேவையகத்தில் 2020 ஆம் ஆண்டு முதல் ‘ஓட்டோ இன்ஸ்ரோல்’ என்னும் முறை உண்டு. கணினி அக்கோப்பை வாசித்து, வினாக்களுக்குரிய விடைகளைத் தானே எடுத்துக்கொள்ளும்.

வசதியும் இங்கேதான், ஆபத்தும் இங்கேதான். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு பிழை எழுதினால், அப்பிழை வகுப்பிலுள்ள எல்லாக் கொப்பிகளிலும் ஏறிவிடும். விடைக்கோப்பின் பிழையும் அத்தகையதே.

லினக்சுக் கணினியில் எல்லா அதிகாரமும் உடைய பயனர் ‘ரூற்’ எனப்படுவார். அவருடைய எண் 0. டெபியன் நிறுவும்போது உண்டாகும் முதற் சாதாரண பயனர்க்கு 1000 என்னும் எண் வழங்கும். ரூற் நேரே நுழைதல் வேண்டா என்று விடையளித்தால், அக்கணக்குப் பூட்டப்படும். முதற் பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, ‘சூடோ’ என்னும் கட்டளை வழியாக நிருவாகப் பணிகளைச் செய்யலாம். இதுவே சாலச் சிறந்தது. ஏனெனில், செய்தவர் பெயர் பதிவேட்டில் நிற்கும்.

இனிக் கடவுச்சொல்லைப் பார்ப்போம். விடைக்கோப்பைப் பெரும்பாலும் வலையமைப்பில் ஓரிடத்தில் வைத்தே கணினிகள் எடுத்துக்கொள்கின்றன. கடவுச்சொல்லை அதில் உள்ளவாறே எழுதினால், கோப்பைக் காண்போர் அனைவரும் அதனை அறிவர். இதற்கு ஒரு மாற்று உண்டு. சொல்லை மீட்டெடுத்தற்கரிய வேறோர் உருவாக மாற்றி எழுதலாம். இம்முறையில், சொல்லோடு ‘உப்பு’ எனப்படும் எழுமாற்றான எழுத்துக்களைச் சேர்த்து மாற்றுவர். அதனால் இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் உருக்கள் வேறுபடும். யுனிக்சு இயங்குதளத்தில் இம்முறை அமைந்தவாற்றை றொபேட் மொறிசும் கென் தொம்சனும் 1979 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். எனினும் சொல் எளியதாயின், ஊகித்து ஊகித்து உருவோடு ஒப்பிட்டு அறிந்துவிடுவர். அதனினும் நன்று, பயனரின் பொதுத் திறவியைக் கோப்பில் எழுதுவது. அதனைப் பிறர் கண்டாலும் உள்நுழைய இயலாது. அதற்கு இணையான இரகசியத் திறவி உரியவரிடமே இருக்கும்.

எல்லாக் கணினிக்கும் ஒரே சொல்லை வைத்தால் விளைவது யாது? 2016 இல் ‘மிறாய்’ என்னும் தீநிரல் ஏறத்தாழ 60 பெயர்–கடவுச்சொற் சோடிகளை மாத்திரம் கைக்கொண்டு, வலையிலுள்ள கமராக்கள் முதலிய எண்ணிறந்த கருவிகளை வசப்படுத்தியது. தொழிற்சாலையில் இட்ட சொல்லை எவரும் மாற்றாதிருந்தமையே காரணம். ராஸ்பெரி பை கணினியின் இயங்குதளத்தில் எல்லோர்க்கும் பொதுவாய் இருந்த ‘பை’ என்னும் பயனரை 2022 ஏப்பிரலில் நீக்கினர். பிரித்தானியாவில் 2024 ஏப்பிரல் 29 முதல், வலையோடு இணையும் வீட்டுக் கருவிகட்குப் பொதுக் கடவுச்சொல் இடுதலைச் சட்டம் தடுக்கின்றது.

யான் அறிந்த ஒரு கணினிக் கூடத்திலும் ஒரே பெயரும் ஒரே சொல்லுமே வழங்கின. ஒரு நாள் மாணவர் பலரின் செயற்றிட்டக் கோப்புக்கள் அழிந்திருந்தன. அழித்தவர் எவர் என்று பதிவேட்டைப் பார்த்தோம். எல்லா வரியிலும் அந்த ஒரே பெயர்தான் இருந்தது. குற்றம் செய்யாத பிள்ளைகளும் அன்று ஐயத்துக்கு உள்ளாயினர். அதுவே என் நெஞ்சை வருத்தியது.

ஆகவே, கணினிக் கூடங்களைப் பொறுப்பேற்போர் நான்கினை மறவாதிருத்தல் வேண்டும். ரூற் நுழைவைப் பூட்டுக. கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதற்க. தற்காலிகச் சொல் இட்டால், முதல் நுழைவிலேயே அது மாற்றப்படுமாறு செய்க. நிறுவல் முடிந்தபின், பணிபுரியும் ஒவ்வொருவர்க்கும் தனிப் பெயர் கொடுத்து, விடைக்கோப்பைப் பிறர் அணுகாவாறு அகற்றுக. ரெட் ஹற் கணினிகளில் நிறுவலுக்குப் பின் ரூற்றின் கோப்புறையில் அதன் பிரதியொன்று எஞ்சும் என்பதையும் நினைவிற் கொள்க.

இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள் விடுமுறையில் இங்கு வரும்போது, ஒரு மணிநேரம் ஒதுக்கி இதனை நம் மாணவர்க்குச் செய்துகாட்டுவார்களாயின் பெரிதும் பயன்படும். இயந்திரம் எழுதியதைச் செய்யும். எழுதியது தகுமோ என்று கேளாது. அக்கேள்வியைக் கேட்கவேண்டியவர் எழுதுபவரே.