கூடிச் செல்க; தனித்துக் காண்க

தேடலைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல உள. காணாததைக் காணத் திரிவது தேடுதல். மனம் ஒன்றைப் பற்றி அதன்பாற் செல்வது நாடுதல். நுணுகி நுணுகி ஆராய்வது துருவுதல். கண் புகாவிடத்துக் கையாற் பார்ப்பது துழாவுதல். இந்நான்கும் ஒருங்கமைந்த விளையாட்டொன்று நம் காலத்திலே தோன்றி உலகெங்கும் பரவியுள்ளது. 'ஜியோகாஷிங்' என்பது அதன் பெயர். முற்பகுதி புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிற்பகுதி மறைத்தற் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்தது. புவியில் மறைத்ததைத் தேடும் ஆட்டம் என நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலே வாழும் என் பழைய மாணவர் ஒருவர் இவ்வாட்டத்திலே பெருவிருப்புடையவர். தனியே செல்வது நன்றா, மனைவி மக்களோடு செல்வது நன்றா என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். விளையாட்டைப் பற்றிய வினாவாக அது தோன்றினும், கற்றல் கற்பித்தலோடும் தொடர்புடையதாதலின் ஈண்டு அதனை ஆராய விழைகின்றேன்.

இவ்வாட்டத்துக்கு முன்னோடி ஒன்றுண்டு. 1854ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டுநிலத்திலே வழிகாட்டியாயிருந்த ஜேம்ஸ் பெரொட் என்பவர், கிரான்மியர் பூல் என்னும் எளிதிற் சென்றடைய இயலாத இடத்திலே போத்தல் ஒன்றை வைத்தார். அங்கு சென்று சேர்ந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு வந்தனர். நாளடைவில் அம்மேட்டுநிலமெங்கும் இத்தகைய பெட்டிகள் பெருகின.

செயற்கைக்கோள்களின் துணைகொண்டு இடமறியும் கருவி வந்தபின் இப்பழக்கம் புதுவடிவம் பெற்றது. அமெரிக்க அரசு, பொதுமக்கள் பெறும் இடக்குறிப்பிலே வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் நீக்கியது. அதற்கு மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தின் பீவர்கிறீக் அருகே, காட்டிலே ஒரு வாளியை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை இணையத்திலே வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டனர். பொருளொன்றை எடுப்பவர் பொருளொன்றை வைக்கவேண்டும், குறிப்பேட்டிலே பெயர் எழுதவேண்டும் என்னும் விதிகள் அன்றே பிறந்தன. இன்று முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பேழைகள் உலகிலே மறைந்துள்ளன. அவற்றுட் சில விரல்நுனியளவின. சில பெரும் பெட்டிகள்.

கருவி இருக்கும்போது தேடல் எதற்கு என வினவலாம். கருவி சில மீற்றர் தூரம் வரையே துணைவரும். அதன்பின் அது கைவிட்டுவிடும். அங்குதான் ஆட்டம் தொடங்குகின்றது. இயற்கையாய் விழுந்த சுள்ளிகளுக்கும் ஒருவர் அடுக்கிய சுள்ளிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் உணரவேண்டும். ஒரு கல் மட்டும் பாசியின்றி இருப்பது ஏன் என மனம் கேட்கவேண்டும்.

இவ்வகை நோக்குக்குத் தனிமை பெரிதும் உதவும். தனியே செல்பவன் தன் நடைக்கேற்ப நடப்பான். ஒரு மரத்தடியிலே ஒரு நாழிகை நின்றாலும் அவனை விரைவுபடுத்துவோர் இலர். மறைத்தவன் எவ்வாறு எண்ணியிருப்பான் என்று அவன் தனக்குள்ளே வழக்காடுவான். கண்டபோது எழும் களிப்பும், காணாது திரும்பும் ஏமாற்றமும் முழுவதும் அவனுக்கே உரியன.

ஆயினும் தனிமைக்கு எல்லையுண்டு. ஒவ்வொரு பேழைக்கும் தேடலின் கடுமையும் நிலத்தின் கடுமையும் ஒன்று முதல் ஐந்து வரையான எண்களால் உணர்த்தப்படும். நிலத்துக்கு ஐந்து என்றிருப்பின், தோணியோ மலையேறும் கயிறோ வேண்டியிருக்கும். அத்தகைய இடத்துக்குத் தனியே செல்வதைத் துணிவு என்று யான் கொள்ளேன். பிறிதொரு நயமும் உண்டு. வளர்ந்த ஆண்மகனொருவன் பூங்காவின் வேலியைத் தனியே துழாவினால் காண்போர் ஐயுறுவர். அவனருகே ஒரு குழந்தை நின்றாலோ, எவரும் திரும்பியும் பாரார். மேலும், பெரியோர் கண் மேலே செல்ல, சிறுவர் கண் வேரடியையும் கற்சந்தையும் பார்க்கும். பெரியோர் காணாததை அவர் காண்பது அதனாலேயே.

ஆனாற் கூட்டத்திலே ஓர் இடர் உண்டு. தேரிழுக்கும் வடத்திலே எத்தனை கைகள் சேரினும் நன்மையே. கண்டுபிடித்தல் அத்தகையதன்று. ஒருவன் 'இதோ!' என்று கூவிய கணத்திலே மற்றவர்களின் தேடல் முடிந்துவிடுகின்றது. நொடி போட்டு விளையாடும்போது ஒரு பிள்ளை முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிட்டால், ஏனைய பிள்ளைகளின் முகம் வாடுவதை நாம் கண்டதில்லையா? விடை எல்லோருக்கும் கிடைத்தது; அவிழ்த்த இன்பம் ஒருவனுக்கே கிடைத்தது.

இதனை உணர்ந்த ஆட்டக்காரர் இருவேறு முறைகளை வகுத்துள்ளனர். ஒன்று, பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவின் மூன்று வீரர்களின் பெயரால் வழங்குவது. ஒருவர் கண்டால் எல்லோரும் கண்டதாகக் கொள்ளப்படும். மற்றையது ஆங்கிலச் சிறுவர் விளையாட்டொன்றைத் தழுவியது. அதிலே முதலிற் கண்டவர் பேழையைத் தொடமாட்டார். கண்ட குறியை முகத்திற் காட்டாது, சற்று அப்பாற் சென்று, தாம் கண்டதற்கு அடையாளமான சொல்லை மட்டும் சொல்லி அமர்ந்துவிடுவார். கடைசி ஆள் காணும்வரை எல்லோரும் காத்திருப்பர்.

இரண்டாவது முறையே சிறந்தது என்பது என் முடிபு. கூட்டத்தின் காவலும் கலகலப்பும் அதிலே உண்டு. தனிமையின் பேறும் கெடுவதில்லை. ஆனால் கண்டும் வாய்திறவாதிருத்தல் அதற்கு வேண்டும். மகன் பேழையின் மீது காலை வைத்துக்கொண்டு அதனை மரத்திலே தேடும்போது, வாளாவிருத்தல் தந்தைக்கு எளிதன்று. கற்பிக்கும் தொழிலிலே நாம் பழகவேண்டிய அருமையும் அதுவே. செய்யுளொன்றின் பொருளை ஆசிரியர் கண்டு நெடுங்காலமாயிருக்கும். மாணவன் அதனருகே வந்துவிட்ட வேளையிலே உரையைச் சொல்லிவிடுவோமாயின், அவனுக்கு உரை கிடைக்கும், செய்யுள் கிடையாது. அதற்காக அவனை முற்றாகக் கைவிடுதலும் முறையன்று. சோர்ந்தவனுக்கு ஒரு குறிப்புத் தரலாம், திசை காட்டலாம், பேழையை எடுத்துக் கையிலே கொடுத்தலாகாது.

உண்மையில், இவ்வாட்டத்திலே முற்றிலும் தனியாயிருப்பவர் எவருமிலர். பேழையின் குறிப்பேட்டைத் திறந்தால், முன்வந்தோர் பெயர்களும் நாள்களும் அங்கே நிற்கின்றன. மறைத்தவனும் முகங்காணாத் தோழனே. ஆதலின் மாணவருக்கு யான் எழுதிய விடை இது: மக்களை அழைத்துக்கொண்டு செல்க. முதலிற் கண்டால் அப்பாற் சென்று அமர்க. இளைய பிள்ளை காணும்வரை எழாதிருக்க.