விமானத்தில் எந்த இருக்கை நல்லது?



எங்கள் மேல்மலையனூரில் அமாவாசைதோறும் நடைபெறும் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைக் காணப் பல ஊர்களிலிருந்தும் பேருந்துகள் வருகின்றன. அவற்றில் ஏறுவோரைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பின்சக்கரத்துக்கும் அப்பாலுள்ள கடைசி நீள இருக்கையை எவரும் விரும்பித் தேடுவதில்லை. குமட்டல் உள்ளவர் முன்புறத்தை நாடுவர். முழங்கால் வலியுடைய முதியவர் படிக்கட்டுக்கு அருகில் இடம் பார்ப்பர். சிறுவர் ஜன்னலோரத்துக்குப் போட்டியிடுவர். பௌதிக நூலைக் கையால் தொட்டறியாதவரும் பேருந்தில் தமக்கு ஏற்ற இடம் எதுவென்று நன்கு அறிந்திருக்கின்றனர். நெடுநாளைய பழக்கமே இதற்குக் காரணம்.

ஆகாய விமானத்தைப் பொறுத்தவரை அத்தகைய பழக்கம் நம்மிற் பலருக்கு இன்னும் வாய்க்கவில்லை. செஞ்சி வட்டாரத்து இளைஞர்கள் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் கடல் கடந்து செல்கின்றனர். பேரக் குழந்தைகளைக் காண அவர்தம் பெற்றோரும் பறக்கின்றனர். அவர்களுட் சிலர் புறப்படுமுன் என்னிடம் வந்து, "ஐயா, எந்த இருக்கையைக் கேட்டு வாங்கலாம்?" என்று வினவுவதுண்டு. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற முதற்பாடம். பேருந்தை அறிந்த நாம் அவ்வழியே விமானத்தையும் அறிய முயல்வோம்.

விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். எல்லார்க்கும் நல்ல இருக்கை என்று ஒன்று கிடையாது. எந்த விமானம், எவ்வளவு நேரம், அமர்பவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கு விடை கண்டால், ஏற்ற இருக்கை தானே புலப்படும்.

முதல் வினா, எந்த விமானம் என்பது. உள்நாட்டில் மிகுதியாகப் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகிய விமானங்களில் நடுவே ஒரே நடைவழி இருக்கும். அதன் இருபுறமும் மூன்று மூன்று இருக்கைகள் இருக்கும். விமானத்தின் முகத்தை நோக்கி அமர்ந்தால் இடக்கோடியில் உள்ளது ஏ. வலக்கோடியில் உள்ளது எஃப். இவ்விரண்டும் ஜன்னலோரம். சி, டி என்பவை நடைவழியோரம். பி, ஈ என்பவை நடு இருக்கைகள். தொலைதூரம் செல்லும் பெரிய விமானங்களில் நடைவழிகள் இரண்டு. போயிங் 787 விமானத்தின் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் மூன்று, மூன்று, மூன்று என்றும், ஏர்பஸ் 330 விமானத்தில் இரண்டு, நான்கு, இரண்டு என்றும் இருக்கைகள் அமைந்திருக்கும். இருவராகச் செல்லும் முதிய தம்பதியருக்குப் பின்னதன் ஓரத்து இரட்டை இருக்கை மிகப் பொருத்தமானது.

சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் பொதுவாக 17 அல்லது 18 அங்குலம். ஏர்பஸ் 320 விமானத்தின் உட்கூடு போயிங் 737-ஐவிட ஏறத்தாழ அரை அடி அகன்றது. ஆதலின் அதில் சற்றே அகன்ற இருக்கைகளை அமைக்க முடிகிறது. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள தொலைவு பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம் வரை இருக்கும். நெடிய கால்களை உடையவருக்கு இந்த நான்கு அங்குல வேறுபாடு பெரிது.

இனி, ஆட்டத்தைப் பற்றிச் சொல்வேன். விளையாட்டுத் திடலில் இருபுறமும் சிறுவர் அமர்ந்து ஏறி இறங்கும் பலகையை நினைத்துப் பாருங்கள். கோடியில் இருப்பவன் உயரே எழுந்து தாழ்கிறான். நடுவே அச்சின்மேல் இருப்பவன் அசைவதே இல்லை. விமானத்துக்கும் அவ்வாறே ஒரு நடு உண்டு. அதன் புவியீர்ப்பு மையம் இறக்கைகளை ஒட்டி அமைந்துள்ளது. காற்றின் கொந்தளிப்பில் விமானம் மூக்கை உயர்த்தித் தாழ்த்தும்போது இறக்கைக்கு அருகில் உள்ளவர் குறைவாகவும், வால்புறத்தில் உள்ளவர் மிகுதியாகவும் ஆடுவர். தலைசுற்றல் உள்ளவர் இறக்கைப் பக்கத்து வரிசைகளைக் கேட்பது நன்று. ஆயின் அங்கே ஜன்னல் வழியே இறக்கைதான் தெரியும். கீழுள்ள நாடு நகரங்கள் மறைந்துவிடும். இயந்திரங்கள் இறக்கையில் தொங்கும் விமானங்களில் முன்புறத்தில் ஓசை குறைவு, பின்புறத்தில் மிகுதி.

படத்தில் தெரியாத சில குறைகளும் உள்ளன. கடைசி வரிசை இருக்கை பல விமானங்களில் பின்னால் சாயாது. கழிப்பறையும் அருகிலேயே இருக்கும். தடுப்புச் சுவரை அடுத்த முதல் வரிசையில் முன்னே எவரும் சாய்ந்து நம்மை நெருக்க மாட்டார்கள். ஆனால் கைப்பையை வைக்க முன்னால் இருக்கை இல்லை. உணவுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கி இருப்பதால் அக்கைப்பிடியை உயர்த்தவும் இயலாது. போயிங் 737 விமானத்தில் குளிர்காற்றுக் குழாய் சுவரினுள்ளே செல்லும் ஓரிடத்தில் ஜன்னலே இராது. ஜன்னலோரம் என்று எண்ணி அமர்ந்தவர் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு செல்ல நேரும்!

இங்கே ஒரு துயரச் செய்தியை நினைவூட்ட வேண்டியுள்ளது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட போயிங் 787 விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 242 பேருள் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அவர் அமர்ந்திருந்தது 11ஏ என்னும் இருக்கை. அதன்பின் 11ஏ வேண்டும் என்று கேட்போர் பெருகியதாகச் செய்திகள் வந்தன. உயிராசை இயல்பே, அதனை நான் எள்ளவில்லை. ஆனால் மாணவர்களாகிய நீங்கள் ஆராய்ந்து பார்க்க வேண்டும். அவ்விமானத்தில் 11ஏ ஆபத்துக்கால வாயிலை அடுத்திருந்தது. வேறொரு விமானத்தில் அதே எண் வேறோர் இடத்தில் இருக்கும். மேற்சொன்ன ஜன்னலற்ற இடமும் சில போயிங் 737 விமானங்களில் 11ஏ-தான்! 13 என்ற எண்ணுக்கு அஞ்சி அந்த வரிசை எண்ணையே விட்டுவிடும் விமான நிறுவனங்களும் உலகில் உள்ளன. எண்ணில் காவலும் இல்லை, கேடும் இல்லை. எங்கே அமர்ந்தாலும் அருகிலுள்ள வாயில் எத்தனையாவது வரிசையில் உள்ளது என்று எண்ணி வைத்துக்கொள்வதும், இடுப்புவாரை அவிழ்க்காமல் இருப்பதுமே நம் கையில் உள்ள காவல்.

ஆபத்துக்கால வாயிலை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் மிகுதி. ஆதலின் பலரும் அதை விரும்புவர். ஆனால் அங்கே அமர்பவர் வாயிற்காவலரும் ஆவார். 2009-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பறவைகள் மோதி இயந்திரங்கள் செயலிழந்த ஏர்பஸ் 320 ஒன்று நியூயார்க் நகரின் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. இறக்கைமேல் திறக்கும் வாயில்களைத் திறந்தவர்கள் அங்கே அமர்ந்திருந்த பயணிகளே. 155 பேரும் பிழைத்தனர். இதனால்தான் சிறுவர், கருவுற்றோர், உடல் தளர்ந்தோர் ஆகியோரை அவ்வரிசையில் அமர்த்துவதில்லை.

இரண்டாவது வினா, எவ்வளவு நேரம் என்பது. சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு மணி நேரம். எங்கே அமர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். இங்கே உடல்நலம் குறுக்கிடுகிறது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, இரத்தத்தை இதயம் நோக்கி மேலே தள்ளுகின்றன. அசையாது அமர்ந்திருந்தால் அப்பணி தளர்கிறது. காலின் ஆழ்ந்த நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பயணத்தால் இவ்வாபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் அறிவித்தது. நலமுள்ளவர்களில் அது 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவே என்றும் அது கூறியது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை, அசட்டையும் கூடாது. அசையாதிருப்பதே காரணமாதலால் பேருந்து, ரயில் பயணங்களுக்கும் இது பொருந்தும். ஜன்னலோரத்தில் அமர்ந்தவர் அயலாரை எழுப்பத் தயங்கி அப்படியே இருந்துவிடுவார். நடைவழியோரத்தில் இருப்பவர் நினைத்தபோது எழுந்து உலவலாம். முன்பு இரத்தக்கட்டி கண்டவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கருவுற்றோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே புறப்படுதல் வேண்டும். மற்றவர் மணிக்கொரு முறை எழுந்து நடக்கட்டும். இயலாதபோது கணுக்காலையேனும் சுழற்றட்டும்.

மூன்றாவது வினா, அமர்பவர் யார் என்பது. முதன்முறை பறக்கும் மாணவர் ஜன்னலோரத்தைக் கொள்க. புவியியல் நூலில் படித்த ஆறும் மலையும் கடற்கரையும் கண்முன் விரிவதைக் காணாது விடலாமா? ஏறத்தாழ 800 அடி உயர்ந்த செஞ்சி ராஜகிரியின் உச்சியில் நின்றால் வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். விமானமோ அதைப் போல் நாற்பது மடங்கு உயரத்தில் செல்கிறது. எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதையும் சிந்தியுங்கள். காலையில் சென்னையிலிருந்து வடக்கே டில்லிக்குப் பறப்பவருக்கு வெயில் எப்புறம் விழும்? கிழக்காகிய வலப்புறம். கண் கூசாமல் காண விரும்புவோர் இடப்புறத்து ஏ இருக்கையைப் பெறலாம். மாலையில் இது மாறும்.

அடிக்கடி கழிப்பறை செல்ல வேண்டிய முதியவருக்கும் நீரிழிவு உடையவருக்கும் நடைவழியோரமே தகும். குழந்தையை நடைவழியோரம் அமர்த்தலாகாது. சூடான பானம் செல்லும் தள்ளுவண்டி அதன் கையருகே ஓடும். பன்னிரண்டு வயதுவரையுள்ள குழந்தைக்கு, உடன்வரும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவரின் அருகிலேயே இடம் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் ஆணையிட்டுள்ளது. நடு இருக்கையைப் பெற்றவருக்கு ஜன்னலும் இல்லை, வழியும் இல்லை. இரு கைப்பிடிகளையேனும் அவருக்கு விட்டுக்கொடுப்பது பண்பாகும்.

இவற்றையெல்லாம் அறிந்து, காலத்தோடு பதிவு செய்து, உங்கள் உடலுக்கும் பயணத்துக்கும் ஏற்ற இடத்தைப் பெறுங்கள். அவ்வாறு பெற்ற பின்னரும், உங்களைவிட அவ்விடம் மிகுதியாகத் தேவைப்படும் ஒருவர் அருகில் நின்றால், விமானப் பணியாளரிடம் சொல்லி இடம் மாறிக்கொள்ளுங்கள். தனக்கு ஏற்றதை அறிவது அறிவு. பிறர்க்கு எது வேண்டும் என்பதையும் அறிவதே கல்வி.