நோயாளிக்குப் பணம் உண்டு, பார்ப்பவர்க்கு?

2013ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாட் காலை எமது தந்தையார் கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் முழுவதும் வழங்காது போயிற்று, நாவும் தடுமாறியது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தபின், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டனர். வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் என்ன என்பதை அதனைச் செய்தவரன்றிப் பிறர் அறியார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்தல் வேண்டும்; இல்லையேல் படுக்கைப்புண் கண்டுவிடும். கஞ்சியைக் கரண்டியாற் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும், அவசரப்பட்டாற் புரையேறும். இரவிலும் இவ்வேலைக்கு ஓய்வில்லை.

தாயார் முன்னரே காலமாகிவிட்டார். மூத்த தமையனார் கனடாவில். நாமோ கல்லூரியிற் கற்பித்துக்கொண்டு, மனைவி மக்களுடன் அடுத்த தெருவில் இருந்தோம். எஞ்சியவர் தமக்கையார் ஒருவரே. அவருக்கு அப்போது வயது 38, மணமாகாதவர், நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக எழுதுவினைஞராய் இருந்தார். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அவருக்கு அளித்த விடுமுறை ஆண்டுக்கு 14 நாளும், அமய விடுமுறை 7 நாளுமே. அந்த 21 நாளும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரே தீர்ந்தன.

"வேலையை விடப் போறன், தம்பி. ஐயாவை வேறை ஆர் பாக்கிறது?" என்றார்.

அக்கேள்விக்கு நாம் விடை கூறவில்லை. விடை வேண்டிய கேள்வியாகவே அது எமக்கு அன்று தோன்றவில்லை என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

அவர் கைக்குக் கிடைத்தது என்ன என்று பார்ப்போம். முதலாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு நிறைவெய்திய ஊழியர், தாமாகவே விலகினும், முடிவுற்ற ஒவ்வோராண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பெற உரியவர். தமக்கையாருக்கு அது ஐந்தரை மாதச் சம்பளம். விலகி 30 நாட்களுக்குள் அதனைக் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் மேலதிகமாகவும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். எமக்கு இது தெரியாது. நிறுவனத்தாரும் வாய்திறந்திலர். நான்கு மாதம் அலைந்து திரிந்தபின், தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதுவோம் என்று நாம் சொன்ன மாத்திரத்தில் காசோலை வந்தது! இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. சம்பளத்தில் 3 வீதத்துக்குச் சமமான தொகையைத் தொழில்கொள்வோரே இதற்குச் செலுத்துவர். வேலையை விட்டதும் எடுக்கலாம், தொகைதான் சிறிது. மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதி. இதுவே பெரிது, ஊழியரின் 8 வீதமும் தொழில்கொள்வோரின் 12 வீதமும் சேர்ந்து வளர்வது. ஆனால் ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே இதனைப் பெறலாம். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண் முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடமளிக்கின்றது. வெளிநாட்டிற் குடியேறுபவருக்கும் இடமுண்டு. தந்தையைப் பார்க்க வேலையை விட்ட பெண்ணுக்கு இடமில்லை.

இன்று சேவையில் உள்ளோருக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. பத்தாண்டுக்குக் குறையாது சேமலாப நிதிக்குப் பங்களித்தவர், குறித்த நிபந்தனைகளுக்கு அமைய, தம் மீதியில் 30 வீதம் வரை வீடமைப்புக்கோ மருத்துவத்துக்கோ முன்கூட்டிப் பெறலாம். அரசாங்கத்தின் அஸ்வெசும திட்டத்திலும் அங்கவீனர், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்குக் கொடுப்பனவுகள் உள்ளன. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவையனைத்தும் நோயை நோக்கியவை, நோயாளியை நோக்கியவை. அருகில் விழித்திருப்பவர் இழந்த சம்பளத்துக்கு ஈடாக ஒரு சதமேனும் வழங்கும் சட்டம் எமது நாட்டில் இல்லை.

நிற்க. இக்குறை எங்கும் ஒருகாலத்தில் இருந்ததே. அது நீங்கிய வரலாறு ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குகிறது. மேரி வெப்ஸ்ரர் என்பவர் இங்கிலாந்திற் கொங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்த குருவானவர். 1954இல், தமது 31ஆம் வயதில், முதிய பெற்றோரைப் பார்ப்பதற்காகப் பணியை விட்டார். ஒன்பதாண்டு அவ்வாறு கழிந்தபின், 1963இல், தம்மைப்போல் மணமாகாது பெற்றோரைப் பேணும் பெண்களின் தனிமையையும் வறுமையையும் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அதே நிலையிலிருந்த பெண்களிடமிருந்து பதில்கள் குவிந்தன. 1965இல் அவர்களுக்கென ஒரு தேசிய மன்றம் அமைந்தது. 1967இல் வரிச்சலுகை ஒன்று கிடைத்தது. 1971இல் எந்நேரமும் துணை தேவைப்படும் நோயாளருக்கு ஒரு படி வந்தது. 1976இல், வாரத்துக்கு 35 மணித்தியாலமாவது அத்தகைய நோயாளரைப் பார்ப்பவர்க்கே ஒரு படி வந்தது. அம்மையார் அதனைக் காணவில்லை. 1969இல், 46 வயதிலேயே காலமாகிவிட்டார்.

அப்படியிலும் ஒரு வேடிக்கை இருந்தது. மணமான பெண்களுக்கு அது கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசினர் கண்ட நியாயம். ஜக்குலின் டிறேக் என்னும் பெண்மணி, மறதிநோயால் நிலைகுலைந்த தம் தாயாரைப் பார்ப்பதற்கு வேலையை விட்டவர். அவர் இந்நியாயத்தை ஏற்காது வழக்காடினார். வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 1986 யூன் 24ஆம் திகதி தீர்ப்பு அவருக்குச் சார்பாயிற்று. தீர்ப்புக்கு முதல்நாளே பிரித்தானிய அரசு தானாக இணங்கி, மணமான பெண்களுக்கும் படி உண்டென அறிவித்துவிட்டது. தோற்பதற்கு முன் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமன்றோ?

அங்கு எல்லாம் பொன்னாய் விளைகின்றதென்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் அந்தப் படி வாரத்துக்கு 83 பவுண் 30 பென்ஸ். 35 மணித்தியாலத்தால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2 பவுண் 40 பென்சும் வராது. அவ்வேளை அந்நாட்டின் ஆகக்குறைந்த கூலியோ மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ். பகுதிநேர வேலையில் வரம்புக்கு மேல் ஒரு பவுண் கூடிவிட்டாலும் அவ்வாரப் படி முழுவதும் போய்விடும். இதனை அறியாது பல மாதம் பெற்றுவிட்டுப் பின்னர் ஆயிரக்கணக்கான பவுண் திருப்பிக் கட்ட நேர்ந்தோரின் துயரம் 2024இல் அங்கு பெரும் பேச்சாயிற்று. ஆயினும் ஒன்றை நாம் மெச்சுகின்றோம். படி பெறும் வாரங்கள் அவர்களின் ஓய்வூதியக் கணக்கில் வேலைசெய்த வாரங்கள்போற் பதியப்படுகின்றன. பணம் சிறிது, ஆனால் முதுமை பாழாவதில்லை.

கனடாவில், மரணத்தறுவாயிலுள்ள உறவினரைப் பார்ப்பவர்க்கு வேலையில்லாக் காப்புறுதியிலிருந்து 26 வாரம் வரை, சம்பளத்தில் ஏறக்குறைய 55 வீதம் கிடைக்கும். யப்பானில் 93 நாள் விடுப்பும் 67 வீதமும். எமது உறவினர் பலர் கனடாவில் இருந்தும், இத்தகைய உரிமை அங்குண்டென்று அறியாதோர் அவருட் பலர்.

எமது தந்தையார் 2019இற் காலமானார். தமக்கையாருக்கு அப்போது வயது 44. விண்ணப்பங்கள் எழுதினார், ஆறாண்டு என்ன செய்தீர் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை எவருக்கும் தகைமையாகத் தோன்றவில்லை. பின்னர் 2022 வந்தது. பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்த அவ்வாண்டில், சேமலாப நிதியிற் பூட்டிக் கிடந்த அவரது பணத்தின் பெறுமதி உருகிற்று. 2025இல், 50 வயதில், அதனைப் பெற்றார். 11 ஆண்டு உழைப்பின் சேமிப்பு, வீட்டுக் கூரையைத் திருத்துவதற்கே சரியாயிற்று.

நாமோ இளைப்பாறியபின் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுவோம். ஒரே தந்தைக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் மட்டும் தம் முதுமையைக் கொடுத்துத் தந்தையின் முதுமையைப் பார்த்தார். மருந்துக்கு நாம் கொடுத்தோம். தமையனார் கனடாவிலிருந்து அனுப்பினார். கட்டிலும் சக்கர நாற்காலியும் வந்தன. தமக்கையார் நின்று நடமாடும் செலவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருமுறை மெல்ல எடுத்தபோது, "ஐயாவைப் பாக்கிறதுக்குக் கூலியோ?" என்று முகம் சிவந்தார். அதனையே சாட்டாக்கி நாமும் விட்டுவிட்டோம்.

கூலி வேறு, இழந்ததை ஈடுசெய்தல் வேறு. இத்தகைய நிலையில் உள்ள குடும்பங்களுக்கு எமது அநுபவத்தில் ஒன்று சொல்வோம். விலகற் கடிதம் எழுதுமுன் சம்பளமற்ற விடுமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். தனியார் துறையில் அதற்குச் சட்ட உரிமை இல்லை. ஆயினும் இணங்கும் நிறுவனங்கள் உண்டு. எமது தமக்கையார் கேட்கவுமில்லை. கேளும் என்று சொல்ல ஒருவருமில்லை. அரச ஊழியராயின் இன்னும் அவதானம் வேண்டும். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஓய்வூதிய உரிமையும் உடன்போகலாம். அதன்பின் உடன்பிறந்தோர் ஒன்றாயிருந்து, வேலையை விடுபவரின் சம்பளத்தில் எத்தனை பங்கைத் தாம் தருவதென்று தீர்த்து, மருந்துச் செலவுடன் கலவாது அவர் பெயரிலேயே வங்கியில் இடுதல் வேண்டும். முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். நாட்சென்றால் நாணம் தடுக்கும்.

நாம் இதனைத் தொடங்கியது சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்குப் பின்னரே. தமையனாரும் நாமும் பேசி ஒரு தொகையை ஒதுக்கி, வங்கிப் புத்தகத்தைத் தமக்கையாரிடம் கொடுத்தோம். மறுப்பார் என்று அஞ்சியிருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்தின் திகதியை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாய்ப் பிந்திப் போச்சுது, தம்பி" என்றார். பின்னர், புத்தகத்தை ஐயாவின் மருந்துச் சீட்டுகள் கிடக்கும் லாச்சியில் வைத்துவிட்டு, எமக்குத் தேநீர் போட அடுக்களைக்குச் சென்றார்.